பைக்குள் கிடக்கும் கண்ணாடி



உங்கள் காணிக்கைகளைக் கொண்டு செய்யப்படும் உதவிகளில் மூக்குக்கண்ணாடியைப் போல எளிதானது வேறொன்றும் இல்லை என்று பலரும் நினைப்பதுண்டு. அறுவை சிகிச்சை தேவையில்லை, படுக்கை தேவையில்லை, இரத்தம் ஏற்ற வேண்டியதில்லை. கண் பிரிவினர் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள், எழுத்துப் பலகையை மாட்டிப் பிள்ளைகளின் பார்வையைச் சோதிக்கிறார்கள், பவர் எழுதுகிறார்கள். சில வாரங்களில் கண்ணாடி பிள்ளையின் கைக்குப் போய்ச் சேருகிறது. ஆண்டறிக்கையில் ஓர் எண் கூடுகிறது. கொடுத்தவருக்கும் திருப்தி, கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கும் திருப்தி.

ஆனால் நாலைந்து மாதம் கழித்து, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அதே வகுப்புக்குள் நுழைந்து பாருங்கள். கண்ணாடி பெற்ற பிள்ளைகளில் அநேகருடைய முகத்தில் கண்ணாடி இருக்காது. ஒருவனுடையது புத்தகப் பைக்குள் கிடக்கும். ஒருத்தியுடையது வீட்டு அலமாரியில், திருவிழாப் புடவைக்குக் கீழே பத்திரமாக இருக்கும். கொடுத்த கண்ணாடிகளின் கணக்கு ஒன்று, அணியும் கண்ணாடிகளின் கணக்கு மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியையே இந்த மாதம் நமது பாடமாக எடுத்துக்கொள்வோம். 12 வயது முதல் 18 வயது வரையுள்ள நம் பிள்ளைகள் கண்ணாடியை ஏன் மறுக்கிறார்கள்? பெரியவர்களாகிய நாம் அதற்கு என்ன செய்யலாம்?

1. கண்ணுக்குள் நடப்பது என்ன?

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி தேவைப்படுவதற்குப் பெரும்பாலும் கிட்டப்பார்வையே காரணம். கையிலிருக்கும் புத்தகம் தெளிவாகத் தெரியும். கரும்பலகை மங்கலாகத் தெரியும். கண் உருண்டை முன்பின்னாகச் சற்றே நீண்டுவிடுவதால் தூரத்திலிருந்து வரும் ஒளி விழித்திரையில் குவியாமல் அதற்கு முன்பாகவே குவிந்துவிடுகிறது. நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்த லென்ஸ், அதாவது மைனஸ் பவர் கண்ணாடி, அந்த ஒளியை வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அது செய்யும் வேலை அவ்வளவுதான். உயரம் கூடும் வயதில் கண்ணும் வளர்வதால், பள்ளிப் பருவத்தில் பவரும் ஆண்டுக்கு ஆண்டு கூடுவதுண்டு.

பரிசோதனைச் சீட்டில் 6/18 என்று எழுதியிருந்தால் அதன் பொருள் என்ன? நல்ல பார்வை உள்ளவர் 18 மீட்டர் தூரத்திலிருந்து வாசிக்கும் எழுத்தை வாசிக்க இந்தப் பிள்ளை 6 மீட்டர் அருகில் வரவேண்டும். நெதர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் ஸ்நெல்லன் 1862-இல் வெளியிட்ட எழுத்துப் பலகை முறை இன்றும் உலகமெங்கும் வழக்கத்தில் இருக்கிறது.

இதிலே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. மங்கல் மெதுவாக, மாதக்கணக்கில் வருகிறது. ஆகையால் எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் தெரியும் என்றே பிள்ளை எண்ணிக்கொள்கிறது. பலகையைப் பார்த்து எழுதுவதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருப்பவனின் நோட்டைப் பார்த்து எழுதப் பழகிவிடுகிறது. ஆசிரியரோ அதைக் கவனக்குறைவு என்கிறார். தகப்பனார் விளையாட்டுப் புத்தி என்கிறார்.

2. மறுப்பின் காரணம் என்ன?

இது நம் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் மட்டும் காணப்படும் பிடிவாதம் அல்ல. மெக்சிகோ நாட்டின் ஒஹாக்கா பகுதியில் 493 பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்து, ஏறக்குறைய 18 மாதத்துக்குள் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 2006-இல் வெளியான அந்த ஆய்வின்படி, 100 பேருக்குச் சுமார் 13 பேர் மாத்திரமே கண்ணாடி அணிந்திருந்தார்கள். இன்னும் 34 பேர் அதைக் கையோடு வைத்திருந்தும் அணியவில்லை. நம் நாட்டில் புனே பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், கண்ணாடி பெற்ற 1018 மாணவர்களைத் திரும்பச் சந்தித்தபோது, அதை அணிந்திருந்தவர்கள் சுமார் 30 சதவீதம்.

காரணம் கேட்டால் முதலில் "மறந்துட்டேன்" என்பார்கள். உடைந்துவிட்டது என்பார்கள். தலைவலி என்பார்கள். சில வேளைகளில் இவை உண்மையாகவும் இருக்கும். ஆனால் சற்றுப் பொறுமையோடு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் வேறொன்று வெளியே வரும். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் எங்கள் செவிலியர் ஒருவர் இப்படித்தான் கேட்டார்.

"தம்பி, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான்: "கடைசி பெஞ்சுல சோடாபுட்டின்னு கூப்பிடறாங்க சிஸ்டர். டீச்சர்கூட சிரிச்சிட்டாங்க."

அந்தப் பிள்ளைக்குக் கடைசி பெஞ்சின் கேலியைவிட டீச்சரின் சிரிப்பு அதிகமாக வலித்திருக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு இதோடு இன்னொரு பாரமும் சேருகிறது. "இந்த வயசுலேயே கண்ணாடியா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்லுவாங்க?" என்று அத்தையோ பெரியம்மாவோ வீட்டுக்குள்ளேயே சொல்லிவிடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அது மறக்குமா? வாசலில் ஆள் வரும் சத்தம் கேட்டவுடன் கண்ணாடியைக் கழற்றி வைக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது காரணம் கொடுக்கிறவர்களைப் பற்றியது. தர்மமாக வழங்கப்படும் கண்ணாடிகள் பல இடங்களில் ஒரே அச்சில் வார்த்த ஒரே நிறத்துப் பிரேம்களாக இருந்துவிடுகின்றன. பார்த்தவுடனே இது இலவசக் கண்ணாடி என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அதை அணியும் பிள்ளை தன் பார்வைக்குறைவோடு தன் வீட்டு வறுமையையும் முகத்தில் மாட்டிக்கொண்டு நடக்கவேண்டியிருக்கிறது. பதினான்கு வயதில் அது சிறிய பாரம் அல்ல.

கண்ணாடி என்ற பொருளில் இயல்பாகவே வெட்கம் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் 1306-ஆம் ஆண்டில் ஜியோர்தானோ என்ற துறவி பிரசங்கம் செய்கையில், கண்ணாடி செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது வருஷம்கூட ஆகவில்லை என்று மகிழ்ச்சியோடு குறிப்பிட்டார். கண்ணாடியின் பிறப்பைப் பற்றிய மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று ஒரு பிரசங்கத்திலிருந்து கிடைத்திருப்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1462-இல் மிலான் நகரப் பிரபு பிரான்செஸ்கோ ஸ்போர்சா பிளாரன்சிலிருந்து மூன்று டஜன் கண்ணாடிகளை வரவழைத்தார். அவற்றில் ஒரு டஜன் தூரப் பொருள்களைப் பார்க்க, இளவயதினருக்காக என்று கேட்டிருந்தார். அரண்மனையில் பலர் அவற்றை விரும்பிக் கேட்டார்களாம். அங்கே கௌரவமாக இருந்த பொருள் இங்கே அவமானமாகிறது என்றால், வேறுபாடு கண்ணாடியில் இல்லை, பார்க்கிறவர்களிடத்தில் இருக்கிறது.

ஆக, இந்தப் பிள்ளைகள் பார்வையை மறுக்கவில்லை. பிறர் தங்களைப் பார்க்கும் பார்வைக்கு அஞ்சுகிறார்கள். இதை நாம் விளங்கிக்கொள்ளாதவரை நம்முடைய புத்திமதிகள் வீணாகவே போகும்.

3. வீண் பயங்களும் மெய்யான இழப்பும்

கண்ணாடி போட்டால் கண் கெட்டுப்போகும், பவர் ஏறிக்கொண்டே போகும் என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. பவர் ஏறுவது கண் வளர்வதால். கண்ணாடி அணிவதால் அல்ல. மலேசியாவில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் ஒரு சாராருக்கு வேண்டுமென்றே குறைந்த பவரில் கண்ணாடி கொடுத்து இரண்டு வருஷம் கவனித்தார்கள். அவர்களுக்குக் கிட்டப்பார்வை குறையவில்லை. முழுப் பவர் அணிந்தவர்களைவிட அதிகமாகவே கூடியது.

காரட்டும் பொன்னாங்கண்ணிக் கீரையும் சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்பதும் சரியல்ல. அவை நல்ல உணவுகள். வைட்டமின் ஏ குறைவினால் வரும் மாலைக்கண்ணைத் தடுக்க இப்படிப்பட்ட உணவு உதவும். நீண்டுபோன கண் உருண்டையை எந்தக் கீரையும் சுருக்காது.

மறுபக்கத்தில், பெரியவர்களும் ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறார்கள்: "கண்ணாடி போடாவிட்டால் குருடாய்ப் போவாய்." பதினைந்து வயதுப் பிள்ளை சாதாரணக் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணியாததால் குருடாகிவிடாது. பிள்ளைகள் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கண்டுபிடித்த பின்பு நாம் சொல்லும் மெய்யையும் நம்பமாட்டார்கள். சிறு பிள்ளைகளின் காரியம் வேறு. இரண்டு கண்ணுக்கும் பவர் அதிக வித்தியாசமாக இருந்தாலோ, மாறுகண் இருந்தாலோ, ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி அணியாவிட்டால் ஒரு கண் சோம்பேறிக் கண்ணாகி, பிற்பாடு கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராமல் போகலாம். அங்கே தாமதம் கூடாது.

அப்படியானால் வளர்ந்த பிள்ளைக்கு உண்டாகும் மெய்யான இழப்பு எது? முதலாவது, படிப்பு. சீனாவின் கிராமப் பள்ளிகளில் 3,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், இலவசக் கண்ணாடி பெற்ற பள்ளிகளின் பிள்ளைகள் கணக்குப் பாடத்தில் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். சொல்லாமல் போய்ப் பார்த்தபோது அவர்களில் 100-க்குச் சுமார் 41 பேர்தான் அணிந்திருந்தார்கள். அவ்வளவு பேர் அணிந்ததற்கே அந்தப் பலன் என்றால், எல்லாரும் அணிந்திருந்தால் எவ்வளவு பலன் இருந்திருக்கும்!

இரண்டாவது, உயிருக்கு ஆபத்து. சாலையைக் கடக்கும் பிள்ளைக்குத் தூரத்தில் வரும் பஸ் தெரியவேண்டும். பிளஸ் டூ முடித்தவுடன் மோட்டார் சைக்கிள் ஓட்டத் துடிக்கும் வாலிபனுக்கு எதிரே இருக்கும் பள்ளமும் மாடும் தெரியவேண்டும்.

மூன்றாவது இழப்பு எளிதில் வெளியே தெரியாது. தெருவில் எதிரே வந்து புன்னகைக்கும் தோழியை இந்தப் பெண் அடையாளம் காண்பதில்லை, பேசாமல் கடந்துபோகிறாள். தோழியோ அவளைக் கர்வக்காரி என்கிறாள். சிரிப்புக்குப் பயந்து கண்ணாடியைக் கழற்றியவள், சிநேகத்தின் சிரிப்பையும் சேர்த்தே இழந்துபோகிறாள்.

4. பெத்சாயிதாவில் நாம் கற்பது

மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 8-ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதா ஊர்க் குருடன் ஒருவனை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார்கள். அதை நாம் அற்புதமாகவே வாசித்துக் கடந்துபோகிறோம். பார்வை கொடுக்கிறவர் அதை எந்த விதமாய்க் கொடுக்கவேண்டும் என்பதற்கும் அது நல்ல பாடம்.

முதலாவது, ஆண்டவர் அந்த மனிதனின் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப்போனார். ஜனங்கள் கூடி வேடிக்கை பார்க்கும் இடத்தில் அவனை நிறுத்தவில்லை. அது ஏன் என்று சுவிசேஷகர் விளக்கவில்லை. ஆனாலும் கேலிக்குப் பயப்படும் பிள்ளைகளோடு பழகும் எங்களுக்கு அந்த வழிநடை மிகவும் அர்த்தமுள்ளதாகத் தோன்றுகிறது.

இரண்டாவது, ஏதாவது தெரிகிறதா என்று அவனிடமே கேட்டார். அவனும் மறைக்கவில்லை. ஆட்கள் நடமாடுவது தெரிகிறது, ஆனால் மரங்களைப்போலத் தோன்றுகிறார்கள் என்றான். அரைகுறையாகத்தான் தெரிகிறது என்று அவனால் பயமின்றிச் சொல்ல முடிந்தது. நம் பிள்ளைகளால் நம்மிடம் அப்படிச் சொல்ல முடிகிறதா? அல்லது திட்டுக்குப் பயந்து, எல்லாம் தெரிகிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்களா?

மூன்றாவது, ஆண்டவர் அவன்மேல் திரும்பவும் கைகளை வைத்தார். சுவிசேஷங்களில் இப்படி இரண்டு படியாக நடந்த சுகம் இது ஒன்றுதான். முதல் தொடுதலோடு காரியம் முடிந்தது என்று அவனை அனுப்பிவிடவில்லை. தெளிவாய்க் காணும்வரை அவனோடு இருந்தார். கண்ணாடியைக் கையில் கொடுப்பது முதல் தொடுதல். திரும்பப் போய், தெரிகிறதா, அணிகிறாயா, யாராவது என்ன சொன்னார்கள் என்று கேட்பது இரண்டாவது தொடுதல்.

5. நாம் செய்யத்தக்கவை

பிள்ளையே பிரேமைத் தேர்ந்தெடுக்கட்டும். பெங்களூரு பகுதியில் 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், கண்ணாடியால் பார்வை நன்றாகத் தெளிவடையும் பிள்ளைகளுக்கே அதைக் கொடுத்தார்கள். பிரேமையும் பிள்ளைகளே விரும்பி எடுக்கச் செய்தார்கள். மூன்று நான்கு மாதம் கழித்து, திரும்பச் சந்தித்தவர்களில் நாலில் மூன்று பங்கினர் அதை அணிந்திருந்தார்கள் அல்லது பள்ளிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தான் தேர்ந்தெடுத்த பொருளைப் பிள்ளை தன்னுடையதாக எண்ணுகிறது.

தனியே பேசுங்கள். "எங்கேடா கண்ணாடி?" என்று வகுப்பு நடுவிலோ, விருந்தாளிகள் முன்பாகவோ கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே இன்னொரு கேலியாகிவிடும்.

புகாரைத் தள்ளிவிடாதீர்கள். தலைவலி என்றால் மெய்யாகவே பவர் தவறியிருக்கலாம். மூக்கிலிருந்து வழுக்குகிறது, காதின் பின்னால் அழுத்துகிறது என்றால் கடையில் கொடுத்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். வருஷத்துக்கு ஒருமுறையாவது பவரைத் திரும்பச் சோதிக்கவேண்டும். பழைய பவர் கண்ணாடியை அணியச் சொல்லி வற்புறுத்துவதில் பயனில்லை.

சிறிது சிறிதாகத் தொடங்கலாம். பவர் மிகவும் குறைவாக இருந்தால் கரும்பலகைக்கும் சாலைக்கும் மட்டும் போதுமா என்று கண் பரிசோதகரிடம் கேளுங்கள். நாள் முழுவதும் கட்டாயம் என்று தொடங்குவதைவிட, முதல் வாரம் கணக்கு வகுப்பில் மட்டும் என்று பிள்ளையோடு பேசி முடிவு செய்வது நல்லது. தெளிவாகத் தெரிவதன் ருசி வந்துவிட்டால் மீதியை அந்தப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

துணை சேர்த்துவிடுங்கள். ஒரே வகுப்பில் மூன்று பேர் ஒரே நாளில் அணியத் தொடங்கினால் கேலிக்குப் பாதி பலம் போய்விடும். கண்ணாடி அணியும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், வாலிபர் சங்கத் தலைவர், பாடகர் குழுவிலுள்ள அண்ணன் அக்காமார் இவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வீட்டிலும் சபையிலும் கேலியை நிறுத்துங்கள். "என்ன புரொபசர்!" என்று அன்பாகச் சொல்வதுகூட அந்த வயதில் முள்ளாகத் தைக்கும். மாப்பிள்ளைப் பேச்சை எடுக்கும் பெரியவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு பிள்ளையின் தாய் தகப்பனுடையது.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் காண்டாக்ட் லென்ஸ் கேட்பார்கள். கண் மருத்துவரின் ஆலோசனையோடு அணியலாம். ஆனால் கைகழுவாமல் தொடுவதும், குழாய்த் தண்ணீரில் அலசுவதும், இரவில் அதோடு தூங்கிவிடுவதும் கருவிழியில் புண் உண்டாக்கிப் பார்வையையே கெடுத்துவிடும். அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் பிள்ளைக்கே அது ஏற்றது.

6. கொடுக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

நண்பர்களே, ஒரு கண்ணாடியின் விலையைச் சொன்னால் கொடுக்க அநேகர் முன்வருகிறீர்கள். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லுகிறோம். இனி அந்த விலையோடு வேறு மூன்றையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுமாறு கேட்கிறோம்: பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும்படி பலவகைப் பிரேம்கள் வைப்பதற்கான கூடுதல் செலவு, உடைந்ததைச் சரிசெய்யும் செலவு, பள்ளிக்கு இரண்டாம் முறை போய்வரும் வண்டிச் செலவு. இரண்டாம் பயணத்தில் புதிதாக எண்ணிக் காட்ட ஒன்றும் இராது. ஆனாலும் முதல் பயணத்தில் கொடுத்தது பலன் தருவது பெரும்பாலும் அதினாலேதான். ஆகவே எங்களிடம் கேட்கும்போது, "எத்தனை கண்ணாடி கொடுத்தீர்கள்?" என்பதோடு, "எத்தனை பேர் அணிகிறார்கள்?" என்றும் கேளுங்கள். எந்த மருத்துவமனையிடமும் கேட்கத்தக்க கேள்வி அது.

கண்ணாடி அணிந்த பிள்ளை ஒன்று உங்கள் சபையிலும் இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போது கண்ணாடியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பேரைச் சொல்லி அழைத்துப் பேசுங்கள்.

ஐக்கியக் கூட்டங்களில் கலந்து பேச

1. நம் வீட்டில், பள்ளியில், சபையில் வழங்கும் பட்டப்பெயர்கள் எவை? அவற்றைத் தொடங்கியவர்கள் பிள்ளைகளா, பெரியவர்களா?

2. தனக்குச் சரியாகத் தெரியவில்லை, கேட்கவில்லை, புரியவில்லை என்று ஒரு பிள்ளை பயமின்றி நம்மிடம் சொல்ல என்ன தடையாயிருக்கிறது?

3. நாம் கொடுக்கும் எந்த உதவியாவது, பெறுகிறவரை ஊர் முன்பாகக் கூசச் செய்கிறதா? அதை மாற்ற என்ன வழி?

4. நாம் ஒருமுறை கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் விட்ட உதவி ஏதேனும் உண்டா? அந்தக் குடும்பத்தை இந்த மாதத்தில் யார் போய்ப் பார்ப்பது?